ஏழு பெருக்கல் ஐம்பத்தேழு

முந்நூற்றுத் தொண்ணூற்றொன்பது.
எந்த வாய்ப்பாட்டிலும் மனப்பாடம் செய்யாத பெருக்கல்.
ஏழு மில்லிமீட்டர் குண்டு,
ஐம்பத்தேழு மில்லிமீட்டர் பித்தளை.
நானூறுக்கு ஒன்று குறைகிறது.
அந்த ஒன்றைத் தேடித்தான்
சனிக்கிழமைதோறும் பிஸ்லிக்குப் போகிறேன் போலும்.

"இது மான் சுடுகிற தோட்டா ஆச்சே"
என்றார் க்விலிம் பிரிச்சர்ட், முதல் நாள்.
ஆமாம். ஆனால் நான் சைவம்.
வோக்கிங்கில் பல் வைத்தியம்.
காகிதத்தையும் கடைவாய்ப் பற்களையும் தவிர
எதையும் துளைத்ததில்லை.

பகலில் ஒரு மருந்து, ராத்திரி ஒரு மருந்து.
எல்லோரும் படுத்த பிறகு
சமையல்மேடையில் சின்னத் தராசு.
தட்டான் கணக்கில் சொன்னால்
இருபது குன்றிமணியும் சொச்சமும்.
ஒரு துகள் கூடினால்
ஊசியால் தள்ளி எடுக்கிறேன்,
மிக்சியின் நிழலில்.

ஆயிரம் கெஜம்.
நூற்றறுபத்தாறு சேலைகளை
முந்தியும் முந்தியுமாக முடிந்துகொண்டே போனால்
அந்தக் கடைசியில் இலக்கு;
நாலு கெஜம் மிச்சம்.
அக்கம்பக்கத்தில் அலுமினிய எலும்புக்கூடுகள்,
திருகுகள், நீர்மட்டம், மடக்குக் கால்கள்.
என்னுடையது வாதுமைக் கட்டை.
யாரோ எந்த மலையிலோ
முட்செடியில் உரசிய கீறல் ஒன்று
என் கன்னம் படுகிற இடத்தில்.

இந்தக் குண்டு வழியில்
ஒரு பனை உயரம் விழும்.
அதனால் குழாய் கொஞ்சம் வானம் பார்க்கும்.
காற்று அடித்தால் ஐந்து முழம் விலகும்.
காற்றுக்கு இங்கே கடிகாரத்தில் பெயர்:
மூன்று மணிக் காற்று, ஒன்பது மணிக் காற்று.
நான் வாயசைக்காமல் சொல்லிக்கொள்வேன்
கொண்டல், கோடை, வாடை என்று.
தென்றலுக்கு இங்கே வேலை குறைவு.

கொடிகள் தாமதமாகத்தான் பேசும்.
பார்க்க வேண்டியது கானலை.
தொலைநோக்கியில் அது
வாய்க்காலாக வலமிருந்து இடம் ஓடும்,
மெலியும், நின்று கொதிக்கும்,
திரும்பி ஓடும்.
கானல் நீரை நம்பாதே என்பார்கள்.
இந்தத் திடலில்
வேறெதையும் நான் நம்புவதில்லை.

பதினோராவது குண்டு.
கானல் கொதித்தது.
இடப்பக்கம் இரண்டு சொடுக்கு குறைத்தேன்.
தொலைநோக்கியிலிருந்து கண்ணை எடுத்து
துப்பாக்கிக்குக் கொண்டுபோனேன்.
பாதி மூச்சு வெளியே.
விசை தானாக உடைந்ததுபோல் இருந்தது;
அப்படித்தான் இருக்க வேண்டும்.

ஒன்றே முக்கால் நொடி.
கண்ணாடியைத் துடைக்கப் போதாது,
எதையாவது நினைத்துக்கொள்ளத் தாராளம்.
நான் ஒன்றும் நினைக்கவில்லை.
அவ்வளவு நன்றாக இருந்தது.

இருபத்துமூன்று என் இலக்கு.
அது அசையவில்லை.
இருபத்துநான்கு கீழே இறங்கியது.

பக்கத்துப் பாயில் மார்ஜரி ஆல்கட்
புதினா மிட்டாய் உறையைப் பிரித்துக்கொண்டிருந்தார்.
"நான் இன்னும் சுடவேயில்லையே" என்றார்,
எல்லோருக்கும் கேட்கும்படி, நேர்மையாக.

மேலே வந்தது இருபத்துநான்கு.
வெள்ளை வில்லை
மையத்தின் மையத்தில்.
காற்று சரி. உயரம் சரி.
மருந்து சரி. மூச்சு சரி.
இந்த ஆறு வருஷத்தில்
இப்படி ஒன்று நான் சுட்டதில்லை.

க்விலிம் பென்சில் நுனியை நக்கினார்.
என் கட்டத்தில் ஒரு சுழி போட்டார்,
வேகமில்லாமல், வட்டம் சரியாகச் சேரும்படி.
"அழகான குண்டு" என்றார்.
பிறகு, "காற்று மாறவில்லை, சுடு."

மிச்சம் நாலும் எங்கே போனதென்று
ஞாபகமில்லை. சீட்டில் இருக்கும்.

திங்கட்கிழமை ஒன்பதரை.
பதிமூன்று வயசுப் பையன், அண்ணாந்த வாய்.
கீழ்த்தாடை, இடது, ஆறாவது.
மரத்துப்போக ஊசி போட்டாயிற்று.
துளைக்கருவியைக் கையில் எடுத்துவிட்டு
முன்னாலிருந்து எண்ணினேன்.
பின்னாலிருந்து எண்ணினேன்.
நர்ஸ் என்னைப் பார்த்தாள்.
இன்னொரு முறை எண்ணினேன்.